அட்டை வெள்ளையாகத்தான் இருந்தது

பிப்ரவரி 3

அண்ணா,

நேற்று நீ போனை வைத்த வேகத்தில் என் காது சுட்டுவிட்டது. இனி நான் போன் செய்யப்போவதில்லை. பேசினால் உனக்கு இருமல் வருகிறது என்று அண்ணி சொல்கிறாள். என்னோடு பேசினால் இருமலோடு கோபமும் சேர்ந்து வருகிறது. கடிதத்துக்கு இந்தத் தொந்தரவு இல்லை. கிழித்துப்போடலாம்தான், ஆனால் நீ எதையும் படிக்காமல் கிழிக்கிற ஆள் இல்லை.

நீ கேட்டது ஒரே கேள்வி. "என் செக்‌ஷனை மூடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினது நீதானே?" ஆமாம், நான்தான். முதலில் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால் கேட்கவில்லை. அது தப்பு. எழுதியது தப்பில்லை.

உங்கள் பாஸ்ஜீன் விஷவாயுவுக்கு நீங்களே மாப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறீர்கள். ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் முகம் கோணினாலும் வீடு இரண்டாகிவிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். போன தடவை மாப்பிள்ளை முகம் கோணியபோது உன் நுரையீரலில் பாதி போயிற்று. உன் கூட வேலை செய்கிற ஃபிட்டர் அண்ணன் முகமூடிகூட இல்லாமல் உள்ளே பாய்ந்து உன்னை இழுத்து வராவிட்டால் இந்தக் கடிதத்தை வாங்க ஆளே இருந்திருக்காது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஆரம்பித்ததுதான் என்னுடைய இந்த ஆராய்ச்சி வேலை. அதன் பிறகு நான் வேறு எதிலும் மனசு வைக்கவில்லை.

உங்கள் மருந்துப் பொடிக்கு வேண்டியது என்ன? ஒரு கரியணு, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆக்சிஜன். அந்த ஜோடியைக் கொண்டுபோய் இரண்டு அமீன் மூலக்கூறுகளுக்கு நடுவே உட்காரவைக்க வேண்டும். பாஸ்ஜீனிலும் அந்த ஜோடி இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடிலும் இருக்கிறது. ஒன்று உயிரை வாங்கிக்கொண்டு தருகிறது. மற்றது நாம் வெளியே விடுகிற மூச்சு, சோடா புட்டியில் இருக்கிற குமிழி. அது சும்மா தருகிறது.

பாஸ்ஜீனுக்குப் பதில் இந்த வாயுவை வைத்துச் செய்கிற சோதனை ஓட்டம் உன் செக்‌ஷனில்தான் என்று முடிவாகிவிட்டது. நீ முன்னே நின்றால் நடக்கும். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் உன் ஆட்களும் திருப்பிக்கொள்வார்கள். எனக்காக இல்லாவிட்டாலும் மிச்சமிருக்கிற பாதி நுரையீரலுக்காக யோசி.

எலி


பிப்ரவரி 14

டாக்டரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

சும்மா தருகிறது என்று எழுதியிருக்கிறாய். சும்மா கிடைக்கிற எதையும் நான் நம்பியதில்லை. உன் வாயுவை எனக்கு நன்றாகத் தெரியும். தீ அணைக்கும் சிலிண்டரில் அடைத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுவோம். எதனோடும் சேராது, எதற்கும் அசையாது, சரியான சோம்பேறி. மாப்பிள்ளை கோபக்காரன், ஆனால் வேலைக்காரன். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான். உன் ஆள் அடுப்பும் அழுத்தமும் வினையூக்கியும் வைத்துக் கெஞ்சினாலும் பாதி நாள் எடுத்துக்கொள்வான் என்று மேலிடத்துக்கு நீ அனுப்பிய குறிப்பிலேயே இருக்கிறது.

இன்னொன்று உனக்குப் புரியாது. என்னிடம் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர். மாப்பிள்ளையைக் கையாளத் தெரியும் என்பதுதான் அவர்களுக்கு இந்த ஆலையில் இருக்கிற மரியாதை. கேன்டீனில் வரிசை விலகி இடம் விடுகிறார்கள். நாளைக்கு இவர்கள் சோடா அடிக்கிறவர்கள் என்றால் யார் விலகுவார்கள்?

இதையெல்லாம் எழுதி உனக்கு மாட்டேன் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். ஃபிட்டர் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தான். படித்துவிட்டுச் சொன்னது இது: "உன் தங்கச்சி உனக்காக ஒரு வாயுவையே மாத்துறா. என் தங்கச்சி எனக்காக ஒரு சட்டைப் பட்டன்கூட மாத்தினதில்ல. வாயை மூடிக்கிட்டு ஒத்துக்க." வாயை மூடச் சொல்வதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. அந்த வாயில் மூச்சு ஓடுவதே அவனால்தான்.

ஆகவே ஒத்துக்கொள்கிறேன், அவனுக்காக. உன் மேலுள்ள கோபம் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 1

அண்ணா,

கோபத்தைப் பத்திரமாக வைத்திரு, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஃபிட்டர் அண்ணனுக்கு ஒரு பெட்டி சட்டைப் பட்டன் அனுப்பியிருக்கிறேன். வரைபடங்களுக்கு அடியில் இருக்கும்.

செய்முறை முழுக்க இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த வினையில் பொடியோடு கூடத் தண்ணீரும் உண்டாகும். அந்தத் தண்ணீர் அங்கேயே நின்றால் நடந்ததைத் திரும்பப் பிடித்து இழுக்கும். ஈரம் குடிக்கும் மணிகளை அதற்காகத்தான் போடுகிறோம். மணிகள் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும்.

பாட்ச் முடிந்ததும் கலனிலிருந்து மிச்ச வாயுவை வெளியே விட வேண்டுமே, அதைக் காரக் கோபுரத்துக்கு அனுப்பாதே. மாப்பிள்ளையைக் காரக் கரைசலில் கரைத்துக் கொல்லத்தான் அந்தக் கோபுரம். இதை அதில் விட்டால் காரத்தை வீணாகக் குடித்துக் கோபுரத்தை அடைத்துவிடும். நேரே வெளியே விட்டுவிடலாம். வரைபடத்தில் அந்தக் குழாயை வெட்டிக் காட்டியிருக்கிறேன்.

உன் ஆட்களுக்காக ஒரு பக்கத் தாள் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டு. முதல் வரியை நீயே சத்தமாகப் படித்துக் காட்டினால் நல்லது: "இந்த வாயுவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை." மாப்பிள்ளையோடு அத்தனை காலம் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தைக் கேட்கிற சந்தோஷத்தையாவது நான் கொடுக்கிறேன்.

எலி


மார்ச் 22

எலிக்கு,

முதல் பாட்ச் படுதோல்வி. நூற்றுக்கு முப்பதுகூடத் தேறவில்லை. கலனைத் திறந்தபோது பொடிக்குப் பதிலாகக் களி மாதிரி ஏதோ இருந்தது. கொதிகலன்காரன் அதைக் கரண்டியில் எடுத்துப் பார்த்து, "டாக்டரம்மா நமக்குப் பசை காய்ச்சச் சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியில் வந்து பார்த்தால் எனக்குச் சிரிப்பு இல்லை. அப்படியே விட்டிருந்தால் உன்னைச் சொல்லிக்காட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஆனால் மனசு என்னவோ மணிகள் வந்த டப்பாவிடம் போய் நின்றது.

டப்பாவின் மூடி சரியாக இறுகவில்லை. மணிகள் வழியிலேயே ஈரம் குடித்துவிட்டன. அடுப்பில் வைத்து வறுத்தோம். இரண்டாவது பாட்ச் எண்பத்தெட்டு. மூன்றாவது தொண்ணூற்றுக்கு மேல். பொடி உப்பு மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. பசை என்று சொன்னவனே கையில் அள்ளி எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். அவன் எப்போதும் ஜெயிக்கிற கட்சி.

உன் தாளைப் படித்துக் காட்டினேன். முதல் வரி வந்ததும் ஃபிட்டர் கை தட்டினான். "இத்தனை வருஷத்துல இந்த வாசல்ல இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல," என்றான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சட்டையில் குத்துகிற அட்டையை யாரும் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியுமே, மாப்பிள்ளை பட்டால் சிவக்கும், படாவிட்டால் வெள்ளை. ஷிப்ட் மாறும்போது ஒருவன் சட்டையை ஒருவன் பார்த்து "வெள்ளையா?" "வெள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டது. மாப்பிள்ளை இப்போது ஊரிலேயே இல்லை, அவன் சிலிண்டர்களெல்லாம் கிடங்குக்குப் போய்விட்டன. ஆனாலும் அட்டை இல்லாமல் நின்றால் ஆட்களுக்கு உடம்பில் துணி இல்லாததுபோல் இருக்கிறதாம். எனக்கும்தான்.

வெளியே விடுகிற குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினால் சாரம் கட்ட வேண்டும், வேலை நிற்கும். பின்சுவர் வழியாகக் கீழே இறக்கிவிட்டோம். ஃபிட்டர் ஒரே நாளில் வளைத்து மாட்டிவிட்டான். வெளியே வரும்போது குளிர்ந்து பனி மாதிரி வருகிறது, மத்தியான வெயிலுக்கு நன்றாக இருக்கிறது.

இருமல் குறைந்திருக்கிறது. உன்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக எழுதவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

தொண்ணூற்றுக்கு மேல் என்ற வரியை நான்கு பேருக்குப் படித்துக் காட்டினேன். இருமல் குறைந்த வரியை யாருக்கும் காட்டவில்லை, அது எனக்கு.

மணிகளை வறுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாங்கள் இங்கே கண்ணாடிக் குடுவைக்குள் ஸ்பூன் கணக்கில் செய்கிறவர்கள். உங்கள் கலனில் நான் நீந்தவே செய்யலாம். இந்த வித்தியாசம் எனக்கு இன்னும் உடம்பில் ஏறவில்லை.

அட்டையைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். அது பாஸ்ஜீனைத் தவிர வேறு எதையும் பார்க்காது. கார்பன் டை ஆக்சைடில் அதை ஊறப்போட்டாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். இருந்தாலும் தாயத்து மாதிரி போட்டுக்கொள்ளட்டும், நஷ்டமில்லை. குழாயும் அங்கேயே இருக்கட்டும், திறந்த வெளிதானே.

அடுத்த மாதம் வருகிறேன். என்னை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விடுவாயா?

எலி


ஏப்ரல் 19

ஃபிட்டர் போய்விட்டான். அண்ணி உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

மத்தியானம். பாட்ச் முடிந்து மிச்ச வாயுவை வெளியே விட்டோம். பின்சுவர் ஓரமாகக் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது, ஏணி வைத்து இறங்குகிற ஆழம். குழாயின் வாய் அதற்குப் பக்கத்தில்தான். அன்று காற்றே இல்லை. தொட்டிக்குள் இருக்கிற பம்ப் அடைத்துக்கொண்டது.

மாப்பிள்ளை இருந்த காலத்தில் அதில் இறங்க வேண்டுமானால் என் கையெழுத்து வேண்டும், காற்று சிலிண்டரோடு முகமூடி வேண்டும், மேலே ஒருவன் கயிற்றோடு நிற்க வேண்டும். இப்போது எதற்கு என்று அதையெல்லாம் விட்டுவிட்டோம். யாரும் விடச் சொல்லவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்றதும் தானாகவே போய்விட்டது. ஃபிட்டர் ஏணியில் கால் வைத்தான். பழக்கத்தில் குனிந்து அட்டையைப் பார்த்தான். "வெள்ளை," என்றான். நானும் "வெள்ளை" என்றேன். இறங்கினான்.

இருமவில்லை. மாப்பிள்ளையாக இருந்தால் தொண்டை கமறும், கண் எரியும், திட்டிக்கொண்டே ஏறி வருவான். இவன் கடைசிப் படியில் உட்கார்ந்தான், வேலை முடிந்து களைத்தவன் உட்காருகிற மாதிரி. ஏதோ தேடுகிறான் என்று நினைத்தேன். அப்புறம் சாய்ந்தான்.

கொதிகலன்காரன் ஏணிக்குப் பாய்ந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். தொட்டியின் வாயில் குறுக்கே படுத்துக்கொண்டேன். "முகமூடி வர்ற வரைக்கும் ஒருத்தனும் இறங்கக் கூடாது." கத்தியதில் வாயில் ரத்தம் வந்துவிட்டது. அவர்கள் என்னைத் திட்டிய திட்டு இந்தத் தாளில் எழுதத் தக்கதல்ல. முகமூடிப் பெட்டி முன்வாசல் கட்டடத்தில் இருந்தது. இங்கே இனி தேவையில்லை என்று போன மாதம் நான்தான் அனுப்பினேன். அது வந்து சேர்கிற வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சட்டைக் கைமுனையில் உன் பட்டன் ஒன்று தைத்திருந்தது.

எனக்காக அவன் எந்த முகமூடிக்கும் காத்திருக்கவில்லை. அவனுக்காக நான் காத்திருந்தேன். இறங்கியிருந்தால் மூன்று பேரைத் தூக்கியிருப்போம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். திட்டியவர்களும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அது எனக்குத் தூக்கம் தரவில்லை.

மேலே கொண்டுவந்த பிறகு பார்த்தேன். அட்டை வெள்ளையாகத்தான் இருந்தது.

நீ வர வேண்டாம்.


மே 2

அண்ணா,

வர வேண்டாம் என்று நீ எழுதியும் வந்தேன். உன் தெருவிளக்கின் கீழே நின்றேன். ஜன்னல் திரை அசைந்தது. நீ என்று தெரிந்தது. கதவு திறக்கவில்லை. அண்ணி பின்பக்கமாக வந்து தண்ணீர் கொடுத்தாள், "இப்போ வேண்டாம்மா," என்றாள். ஃபிட்டர் அண்ணன் வீட்டு முனை வரை போய்விட்டு, உள்ளே போகத் தைரியம் வராமல் பஸ் ஏறிவிட்டேன்.

நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிறையும். இது எனக்குத் தெரியாததா? முதல் வருஷ மாணவிக்குத் தெரியும். நீ பின்சுவர் என்று எழுதினாய், கீழே இறக்கினோம் என்று எழுதினாய், பனி மாதிரி வருகிறது என்றுகூட எழுதினாய். நான் தொட்டியை நினைக்கவில்லை. தொண்ணூறு என்ற எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அட்டை அதைப் பார்க்காது என்று தெரிந்தே தாயத்து என்று கேலி செய்தேன். பாஸ்ஜீனோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, அதைவிடப் பாதுகாப்பானது என்பது எனக்குள் எப்போது பாதுகாப்பானது என்று ஆயிற்றோ தெரியவில்லை. வெளியே விடுகிற மூச்சு என்று எவ்வளவு பெருமையாக எழுதினேன். அதை ஏன் வெளியே விடுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

விசாரணைக்குழுவுக்கு எழுதிவிட்டேன். தவறு முழுக்க என் குறிப்பிலும் என் தாளிலும்தான், ஆலையில் யார் மேலும் குற்றமில்லை, இந்த முறையைக் கைவிட்டுவிடலாம் என்று. இங்கே ராஜினாமாவும் கொடுத்துவிட்டேன். இனி உன் செக்‌ஷனில் யாரும் எதையும் மாற்ற வர மாட்டார்கள்.

உன் தங்கை


மே 11

எலி,

உன் கடிதத்தை விசாரணைக்காரர் எனக்குக் காட்டினார். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அவருடைய மேஜைக் கண்ணாடி உடையாதது ஆச்சரியம்.

பழியை மொத்தமாக நீயே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினால் குழாயைக் கீழே இறக்கச் சொன்னது யார்? முகமூடிப் பெட்டியை அனுப்பியது யார்? அவன் "வெள்ளை" என்றபோது திருப்பி "வெள்ளை" என்றது யார்? அதை நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். உன் பங்கை நான் குறைக்கவில்லை. என் பங்கை நீ எடுத்துக்கொள்ளாதே.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். மாப்பிள்ளையைத் திரும்ப அழைத்துவரத் தயாராகிவிட்டார்கள். மேலிடத்துக்கு அதுதான் சுலபம், பழைய குழாய்கள் அப்படியே இருக்கின்றன. என் ஆட்களுக்கும் அதுதான் வேண்டும். "அவன் அடிக்கிறதுக்கு முன்னாடி சத்தமாவது போடுவான்," என்கிறான் கொதிகலன்காரன். நானும் தலையாட்டினேன். செக்‌ஷன் தலைவன் என்று என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போடுவதாகத்தான் இருந்தேன்.

நேற்று ஃபிட்டரின் சம்சாரம் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஆலை அவன் இடத்தை அவன் மகளுக்குத் தருகிறது. உனக்கு நினைவிருக்கும், ஃபிட்டர் படிப்புப் படித்தவள், அப்பனை மாதிரியே யார் பேச்சையும் கேட்காதவள். அடுத்த மாதம் என் செக்‌ஷனில் சேர்கிறாள்.

"வேணாம்னு சொன்னேன், கேக்க மாட்டேங்கிறா," என்றாள். "அவரு போனதுக்கு நான் யாரையும் கேள்வி கேக்க வரலண்ணே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் பொண்ணை எந்த வாயுகிட்ட நிக்க வைக்கப் போறீங்க?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

ராத்திரி முழுக்க இருமிக்கொண்டே யோசித்தேன். மாப்பிள்ளைக்குக் குழாயில் ஊசித்துளை போதும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துத் தெரு முழுக்கப் போகும். சத்தம் போடுவான் என்பதும் பாதிப் பொய். அன்று ஃபிட்டர் இழுத்து வெளியே போட்ட பிறகு நான் நன்றாகத்தான் வீட்டுக்கு நடந்து வந்தேன், சாப்பிட்டேன், அதற்குப் பிறகுதான் நெஞ்சில் தண்ணீர் கோத்தது. உன் வாயுவுக்குக் கொல்ல ஒரு பள்ளம் வேண்டும், மூடிய அறை வேண்டும், எங்கள் அலட்சியம் வேண்டும். குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிவிடலாம். தொட்டிக்குள் காற்றை ஊதலாம். இறங்குமுன் அளக்கலாம். இதெல்லாம் நம் கையில் இருக்கிறது. மாப்பிள்ளை குணம் எவன் கையிலும் இல்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று இன்று காலையில் சொல்லிவிட்டேன். உன் வாயுதான் ஓடும். என் ஆட்கள் இரண்டு பேர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை.

உன்னிடம் இரண்டு கேட்கிறேன். ராஜினாமாவை வாபஸ் வாங்கு. ஒரு ஆளைக் கொன்ற வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அவன் எதற்காகச் செத்தான்? அப்புறம் அந்தத் தாளைத் திரும்ப எழுது. பயப்பட ஒன்றுமில்லை என்று சுவரில் இன்னும் இருக்கிறது. கிழிக்கப் போனேன், கை வரவில்லை. அதன் மேலேயே ஒட்டுகிற மாதிரி ஒன்று எழுது.

அண்ணன்


மே 24

அண்ணா,

வாபஸ் வாங்கிவிட்டேன்.

இத்தனை நாள் எடுத்தது இந்தத் தாளுக்குத்தான். எத்தனையோ தடவை கிழித்தேன். கடினமான சொல்லெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு ஃபிட்டர் அண்ணன் ஏணியில் கால் வைத்து நிற்கிறார், அவரிடம் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

"இந்த வாயு கொல்லும். இதற்குப் பயப்படு.
கண்ணுக்குத் தெரியாது. சத்தம் போடாது. இருமல் வருகிறதா என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.
காற்றைவிடக் கனம். பள்ளம், தொட்டி, அடித்தளம் எங்கே இருந்தாலும் போய் நிறையும்.
பழைய அட்டை இதைப் பார்க்காது. அட்டையை நம்பாதே.
ஆக்சிஜனை அளக்காமல் இறங்காதே. மேலே ஒருவர் கயிறு பிடிக்காமல் இறங்காதே.
உள்ளே யாராவது விழுந்து கிடந்தால், அது உன் அண்ணனாகவே இருந்தாலும், முகமூடி வருகிறவரை இறங்காதே."

கடைசி வரியை எழுதிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அதை எழுத எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. ஒருவர் அந்த விதியை மீறியதால்தான் எனக்கு அண்ணன் இருக்கிறான். நீ அதைக் காத்ததால் கொதிகலன்காரரின் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறார். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நீ எப்படி வைத்திருக்கிறாய்? வேண்டாம் என்று தோன்றினால் அந்த வரியை அடித்துவிடு.

அளக்கும் கருவிகள் தனியாக வருகின்றன. சட்டையில் குத்துகிறது இல்லை, இடுப்பில் மாட்டுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அலறும். நல்ல காற்றில் அது காட்ட வேண்டிய எண் இருபது புள்ளி ஒன்பது.

எலி


ஜூன் 20

எலி,

வரியை அடிக்கவில்லை. எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டாயே, நானும் சரியாக வைத்திருக்கவில்லை. சில நாள் ஒன்று கீழே விழுகிறது, சில நாள் மற்றது.

குழாய் கூரைக்கு மேலே போய்விட்டது. சாரம் கட்டினோம், வேலை நின்றது, யாரும் செத்துப்போகவில்லை. அட்டைகளை எல்லாரிடமிருந்தும் வாங்கி மூட்டை கட்டிக் கிடங்குக்கு அனுப்பினேன். அவன் அட்டை மட்டும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஃபிட்டரின் மகள் சேர்ந்து மூன்றாம் வாரம். இன்று பம்ப் திரும்பவும் அடைத்துக்கொண்டது. வேறு யாரையாவது அனுப்பலாம் என்று பார்த்தேன். அவள் அதற்குள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு தொட்டி வாசலில் நிற்கிறாள். "எங்கப்பா பாத்த பம்பு, மாமா, நான்தான் பாப்பேன்." நானே கையெழுத்துப் போட்டேன். முகமூடியைக் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தேன். அவள் அளவுக்கருவியைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மேலே இழுத்துப் பார்த்தாள்.

என் வாயில் "வெள்ளையா?" என்றுதான் வந்தது. விழுங்கிவிட்டு "எவ்வளவு?" என்றேன்.

"இருபது புள்ளி ஒன்பது."

இறங்குவாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் இருந்த தாளை நின்று படித்தாள். முன்பே படித்ததுதான். படித்துவிட்டு, "மாமா, அப்பா இதைப் படிச்சிருந்தா இறங்கியிருப்பாரா?" என்று கேட்டாள்.

ஆறுதல் சொல்ல நினைத்தேன். அவள் முகம் பொய்யைத் தாங்குகிற முகம் இல்லை. "பம்புக்காக இறங்கியிருக்க மாட்டான்," என்றேன். "உள்ள ஒருத்தன் கிடந்திருந்தா, எதைப் படிச்சிருந்தாலும் இறங்கியிருப்பான்."

அவள் தாளை இன்னொரு தடவை பார்த்தாள். "அப்ப அந்தக் கடைசி வரி எனக்குத்தான் எழுதினது," என்றாள்.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை என் கையில் கொடுத்தாள். இறங்கிப் பம்பைச் சரிசெய்தாள். உள்ளே இருந்து ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், நட்டு துருப்பிடித்திருக்கிறது, விளக்கைத் தள்ளிப் பிடியுங்கள் என்று. எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் பேசினாள் என்று பிறகு புரிந்தது. ஏறி வந்து அவளே கயிற்றை என் கையிலிருந்து பிரித்து எடுத்தாள். எனக்கு விரல் விடவில்லை.

கை இன்னும் வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய். எனக்கு இருமல் வந்தால் நீ பேசு.

அண்ணன்